அஞ்சாவது ஃபவுல்

"மறுபடியும் அஞ்சு ஃபவுலா? இவனையெல்லாம் வச்சுக்கிட்டு டீம் எங்கே உருப்படும்!"

வாய் திட்டிக்கொண்டிருந்தது. சிங்கராயரின் மனசுக்குள் ஒரே குஷி. மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். ஃபவுல் வாங்கிய பூலோகம் வெளியே வந்தால்தானே அவன் உள்ளே போக முடியும்?

மாட்டுங்கா பக்கத்துக் கல்லூரி அது. கூடைப்பந்துக் கோச் வேங்கடசுப்ரமணியன் சாருக்கு ஒரு பிடிவாதம். முதலில் இறங்கும் ஐந்து பேர்தான் கடைசி வரை ஆட வேண்டும். ஆளை மாற்றவே மாட்டார். ஒருத்தன் காலை ஒடித்துக்கொள்ள வேண்டும், இல்லை அஞ்சு ஃபவுல் வாங்கி ரெஃப்ரி அவனை வெளியே துரத்த வேண்டும். அப்போதுதான் பெஞ்சில் காத்திருப்பவனுக்கு விமோசனம்.

சிங்கராயருக்கோ ஒரு மேட்ச்கூட விட்டுப்போகக் கூடாது. சீசனில் எல்லா மேட்சிலும் களம் இறங்கியவனுக்குத்தான் கல்லூரி சர்டிபிகேட் தரும். அது கையில் இருந்தால் ரயில்வேயில் வேலை. இல்லாவிட்டால் அப்பாவோடு தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான். அந்த வாடையை நினைத்தாலே அவனுக்குக் குமட்டும். இதைச் சொல்லி அவன் புலம்பாத ஆள் டீமில் கிடையாது.

நல்லவேளை, பூலோகம் என்று ஒருத்தன் இருந்தான். தாராவிப் பக்கம் லேபர் கேம்ப் பையன். பனை மாதிரி உயரம். பந்து அவன் கைக்குப் போனால் கூடைக்குள் விழுந்தது என்றே அர்த்தம். முக்கால்வாசி ஆட்டம் பரம சாதுவாக ஆடுவான். அப்புறம் என்ன பேய் பிடிக்குமோ, ஒருத்தன் கையைப் பிடித்து இழுப்பான், இன்னொருத்தன் முதுகில் போய் மோதுவான். விசில் ஊதி ஊதி ரெஃப்ரிக்கே வாய் வலிக்கும்.

"ஏலே, உனக்குக் கூறு இருக்கா?" என்று டீக்கடையில் சிங்கராயர் பிடித்துக்கொண்டான். "ஜெயிக்கிற நேரத்துல இப்படியா செய்வாவ?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு மக்கா. என்ன செய்யச் சொல்லுதே?" பூலோகம் சிரித்துக்கொண்டே சாயாவை உறிஞ்சினான்.

"அரே சோடு நா யார், விட்டுத் தள்ளு, அதான் ஜெயிச்சாச்சே!" என்றான் கேப்டன் உதுமான்.

உண்மைதான். ஒவ்வொரு மேட்சும் ஜெயித்தார்கள். அதற்குள் சிங்கராயருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கடைசி நேரத்தில் தான் இறங்கிய பிறகுதானே ஜெயிக்கிறோம் என்று கணக்குப் போட்டான். இவன் இறங்குவதற்குள் பூலோகம் பாயிண்டை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருப்பான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஃபைனல் வந்தது. கூடவே பயமும் வந்தது. ஃபைனலில் மட்டும் இந்தப் பயலுக்குப் புத்தி வந்து ஒழுங்காக ஆடித் தொலைத்தால்? சீசன் முழுக்க இறங்கியது வீணாகிவிடுமே!

ஃபைனலுக்கு முதல் நாளே கோச்சிடம் போய் நின்றான்.

"சார், பூலோகத்தை முதல்ல இறக்காதீங்க. முக்கியமான நேரத்துல வெளிய வந்துருவான். எதிர் டீம்கிட்ட காசு வாங்கிட்டு ஆடுதான்னுகூடப் பேச்சு இருக்கு."

"நீ பார்த்தியாடா?"

"நான் பாக்கல சார். பேசிக்கிடுதாவ."

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "காசு கீசுன்னு அபாண்டமாப் பேசாதே. ஆனா அவன் ஃபவுல் பண்றது நேக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. சரி, நாளைக்கு நீ இறங்கு."

பூலோகம் இறங்காவிட்டால் அவனுக்கும் சர்டிபிகேட் போய்விடும். அது சிங்கராயருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டான்.

மறுநாள் நாக்பாடா மைதானத்தில் சார் ஐந்து பெயர்களை வாசித்தார். சிங்கராயரால் பூலோகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூலோகமோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"போலே மக்கா, வெளுத்து வாங்கு!"

சீ, ரோஷம் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டே சிங்கராயர் இறங்கினான்.

எதிர் டீமில் ஒரு சர்தார்ஜி. சிங்கராயர் எம்பிக் குதித்தாலும் அவர் தோளுக்குத்தான் வந்தான். பாதி ஆட்டத்திலேயே மானம் கப்பலேறியது. அந்த நேரம் பார்த்து உதுமானுக்குக் கால் பிசகியது.

"பூலோகம், எழுந்திருடா!" என்றார் சார், வேறு வழியில்லாமல்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! சர்தார்ஜி தலைக்கு மேலே கையை நீட்டிப் பந்தைப் பறித்தான் பூலோகம். எங்கிருந்து எறிந்தாலும் கூடை. சிங்கராயர் மட்டும் ஆடிக்கொண்டே நடுங்கினான். இப்போது பேய் பிடிக்கும், இதோ பிடிக்கும்! ஊஹூம். சர்தார்ஜி முழங்கையால் இடித்தபோதுகூட, பூலோகம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சமர்த்தாக ஒதுங்கி நின்றான்.

ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் கப் வந்தது.

தூக்கிச் சுமந்த கூட்டம் இறக்கிவிட்டதும், பூலோகம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். சிங்கராயருக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏலே, சீசன் முழுக்க அஞ்சஞ்சா வாங்குனியே. இன்னைக்கு ஒண்ணுகூட இல்லையே, எப்படிலே?"

பூலோகம் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

"இன்னைக்குத்தான் நீ முதல்லயே உள்ள இறங்கிட்டியேலே. பிறகு நான் எதுக்கு வெளிய வரணும்?"