கொத்தனாரின் மடு

“துண்டைத் தொட்டேன்னா அப்படியே திரும்பிப் போயிடலாம்” என்றார் கொத்தனார்.

“தொடலை அத்தான். மூக்கு அரிச்சுது.”

“மூக்கைச் சொறி. கண்ணுக்கிட்ட கை போகக்கூடாது.”

தையல்காரன் மூக்கை மட்டும் சொறிந்துகொண்டான். சிமெண்ட் வாடை அடிக்கும் துண்டால் அவன் கண்ணை இறுக்கிக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார் அவன் அக்கா புருஷனான கொத்தனார். மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே கட்டியாயிற்று. அதற்கும் மனசு ஆறாமல், ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, தலை கிறுகிறுத்த பிறகுதான் மேலே ஏற்றினார்.

அவருக்கு வேறு வழியில்லை. மேலே ஓடை ஆழமாகத் தேங்கும் மடு ஒன்று. அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு டிரவுட் மீன். பண்ணையில் தீனி போட்டு வளர்த்த சோம்பேறி இல்லை, ஓடையிலேயே பிறந்து வளர்ந்த காட்டு மீன். வருஷக்கணக்காக அவர் நூலை அறுத்துக்கொண்டு போகிறது. நாளையிலிருந்து மீன் முட்டையிடும் காலம், தூண்டில் போடத் தடை. அவருக்கோ சாரத்திலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம் மீன் இருக்குமா, தான் இருப்போமா என்று பயம். தூண்டில் கம்பு பிடிக்க இன்னொருவன் கை வேண்டும். ஆனால் அந்த மடுவைப் பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் காட்டியதில்லை. மீன் பிடிக்கிறவன் தன் இடத்தை வெளியே சொல்லிவிட்டான் என்றால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தம்.

“அத்தான், இது என்ன சத்தம்? மழையா?”

“ஓடைடா.”

“ஓடையா? இங்க ஓடை வேற இருக்கா?”

“கேள்வி கேக்காதே. குனிஞ்சு தவழு.”

தவழ்ந்தார்கள். தையல்காரன் நாலு காலில், கொத்தனார் மூன்று காலில். டிரவுட் தண்ணீர் வரும் பக்கம் பார்த்தேதான் நிற்கும். அதன் முதுகுப் பக்கமாக, தரை அதிராமல் போக வேண்டும்.

“மீன்தான் நம்மளைப் பாக்கக்கூடாது. நான் மீனைப் பாத்தா என்ன அத்தான்?”

“மீனைப் பாத்தா மடுவைப் பாப்பே. மடுவைப் பாத்தா ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள இங்க வந்து உக்காந்திருப்பே.”

“நானா? மிஷினை விட்டு எந்திரிக்கவே நேரமில்லை. அக்கா குடுத்த ஜாக்கெட்டே இன்னும் வெட்டாம கிடக்கு.”

“யாரோ ஒருத்தன் வர்றான்டா மாப்ளே. போன வாரம் சும்மா எட்டிப் பாக்க வந்தேன். புதர்ல அறுந்த நூல் தொங்குது. என் நூல் இல்லை. ஆள் மட்டும் கிடைக்கட்டும், இந்த மாவுக்கட்டாலேயே மண்டையில போடறேன்.”

“போடணும் அத்தான். விடக்கூடாது. தபால்காரரா இருக்குமோ? அளவு குடுக்க வந்தப்ப சட்டையில மீன் வாடை அடிச்சுது.”

“நினைச்சேன். அவன் நடையே சரியில்லை.”

மடு வந்தது. இறகு கட்டி ஈ மாதிரி செய்த முள்ளை நூலில் மாட்டி, கம்பை மச்சினன் கையில் திணித்தார் கொத்தனார்.

“இப்பவாவது கட்டை அவிழ்க்கலாமா?”

“எதுக்கு? கையாலதானே பிடிக்கப் போறே.”

முதல் வீச்சில் முள் கொத்தனாரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

“மாட்டிக்கிச்சா அத்தான்?”

“என் தொப்பி மாட்டிக்கிச்சு. காது தப்பிச்சுது. வலப்பக்கம் ஒரு கிளை தொங்குது, அதுக்கு அடியில போகணும். தாழ்த்தி வீசு.”

முள்ளிலிருந்து தொப்பியைக் கொத்தனார் கழற்றியபின் தையல்காரன் மறுபடி வீசினான். நூல் கிளைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், முள் தண்ணீரில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

“பாத்தியா? சொல்றவன் சரியாச் சொன்னா கண்ணே வேண்டாம்.”

“எல்லாம் நீங்க சொன்னதுதான் அத்தான். எனக்கு என்ன தெரியும்?”

மீன் கவ்வியது. கம்பு வில்லாக வளைந்தது. கொத்தனார் மச்சினனின் சட்டைக் காலரை இடது கையால் பிடித்துக்கொண்டு, மாட்டை ஓட்டுவதுபோல் அவனை அங்கும் இங்கும் திருப்பினார்.

“இடது பக்கம். இல்லை, வலது. விட்டுப் பிடி. உன் அக்கா மேல சத்தியம், அறுத்துக்கிட்டுப் போச்சுன்னா உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்.”

“கையெல்லாம் வலிக்குது அத்தான்.”

“வலிக்கட்டும். நூலை விடாதே.”

கொஞ்ச நேரத்தில் மீன் களைத்தது. பக்கவாட்டில் சாய்ந்து, புள்ளி புள்ளியாக மின்னிக்கொண்டு எதிர்ப்பக்கத்துத் திருப்பத்தில் ஒதுங்கியது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு கிட்ட வந்ததே இல்லை. அந்தப் பக்கம் கொத்தனார் இறங்கியதும் இல்லை. நூல் நைந்து முறுக்குப் பிரியத் தொடங்கியிருந்தது. இன்னொரு துள்ளல் துள்ளினால் போச்சு.

கொத்தனார் காலரை விட்டுவிட்டுக் கைவலையை எடுத்தார்.

“ஆடாம நில்லு மாப்ளே. திருப்பத்துல ஒரு கறுப்புக் கல்லு இருக்கு. அதுல இறங்கி அள்ளிடறேன்.”

“அதுல வேணாம் அத்தான், அது உருளும்” என்று பதறினான், கண்ணில் துண்டோடு நின்ற தையல்காரன். “அதுக்கு அடுத்தாப்ல வெள்ளைக் கல்லு இருக்கு பாருங்க, நான் எப்பவும் அதுலதான் நிப்பேன்.”