விழுவதற்கு முன் ஒரு நிமிர்வு

ஒரு காலத்தில் சிரிப்பு நடிகையாக இருந்த மாமியார், தொலைக்காட்சியில் தன் இளவயது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரைக்குள் அவள் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கித் தட்டோடு விழுகிறாள். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்குகிறார். "தப்பா நினைக்காதீங்க அத்தை, இப்போ பார்த்தா சிரிப்பே வரல." "எப்படி வரும்? விழுறதுக்கு முன்னாடி மகாராணி மாதிரி நிமிர்ந்து நின்னேன், அதை வெட்டிட்டாங்க. அந்த மிதப்புலதான் மாப்பிள்ளை சிரிப்பே இருக்கு." முட்டியைப் பிடித்தபடி எழுந்து, காலி டம்ளர்கள் இருந்த தட்டைத் தூக்கிக்கொள்கிறாள். முகவாய் உயர்கிறது, ஒரு நொடி அப்படியே நிற்கிறாள். கால் வழுக்குகிறது. டம்ளர்கள் மூலைக்கொன்றாக உருண்டோட, சோபாவில் குப்புற விழுகிறாள். மகள் பதறி ஓடிவருகிறாள். மாப்பிள்ளை வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வருகிறது. அவள் குப்புறக் கிடந்தபடியே சொல்கிறாள்: "படத்துக்குத்தான் வயசாயிடுச்சு, மாப்பிள்ளை."