இழுத்துப் பிடித்த மூச்சு

எக்ஸ்ரே அறைக்கு வெளியே அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நிற்பது உள்ளே படம் எடுப்பவளுக்குக் கேட்கிறது. காலையில் எடுத்த படத்தில் அவர்கள் அப்பாவின் நுரையீரல் கட்டியைக் காணோம். டாக்டர் நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். "சாமி கண்ணத் தொறந்துடுச்சும்மா!" "பக்கத்துக் கட்டில்காரரும் அதே சாமியத்தானே கும்பிட்டாரு? அவரு போய்ச் சேர்ந்துட்டாரேண்ணே!" "மூச்சை இழுத்துப் பிடிங்கய்யா" என்று பெரியவரிடம் சொல்லி அவள் பொத்தானை அழுத்துகிறாள். திரையில் விலா எலும்புகள் மெல்லத் துலங்குகின்றன. போன மாதம் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாய் நின்ற இடத்தில், துடைத்துவிட்டாற்போல் வெறும் இருட்டு. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் பெரியவர் கன்னம் உப்பி, முகம் சிவந்து, கையை ஆட்டுகிறார். மூச்சை விடச் சொல்ல மறந்தது அப்போதுதான் உறைக்கிறது. வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.