பார்த்துச் சொல்லு

மூக்கு திரையில் இடித்தது.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். ஒரே எழுத்து திரை முழுக்க நிற்கிற அளவுக்கு. வெளிச்சத்தைக் கூட்டினாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். இடதைப் பொத்தி வலதால் பார்த்தாள்.

சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

ஹெட்போனில் ஜெசிந்தா அக்கா காத்திருந்தாள். பாளையங்கோட்டையில் ஜெசிந்தாவின் வீட்டுக் கணினியில் திறந்திருந்த பக்கம்தான் சென்னை அலுவலகத்தில் இவள் திரையிலும் இருந்தது. ஒரு மருத்துவமனையின் டோக்கன் பதிவுப் பக்கம். பார்வையில்லாதவர்கள் அதைத் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது இவர்கள் குழுவின் வேலை.

உள்ளே போகவே முடியவில்லை. முதலிலேயே ஒரு படம். அதில் கோணல்மாணலாகச் சில எழுத்துகள். அதைப் பார்த்துத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். காதால் கேட்க வழி வைக்கவில்லை.

"மொதக் கொறையா இதத்தான் எழுதணும்," என்றாள் ஜெசிந்தா. "இப்பம் நீ கொஞ்சம் பாத்துச் சொல்லுட்டி."

குழுவில் மற்ற மூவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இவளுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் என்ன மவுசு! படத்தில் எழுத்து வந்தால் இவளைக் கூப்பிடு. கூரியர் கவரில் யார் பெயர் என்று தெரியவில்லையா, இவளைக் கூப்பிடு. அந்த மூவரில் ஒருவனான கதிர்வேலு, கல்யாணத் தரகருக்கு அனுப்பப்போகும் போட்டோவை முதலில் இவளுக்குத்தான் அனுப்பினான். உள்ளதை உள்ளபடி சொல், எப்படி இருக்கிறேன் என்று கேட்டான். கூலிங் கிளாஸைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய் என்று சொன்னாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது கதிர்வேலுதான்.

அலுவலகத்தில் இவளை வேலைக்கு எடுத்ததும் அந்தக் கொஞ்சத்துக்காகத்தான். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற ஆள். நிறம் மங்கியிருக்கிறதா, பெரிதாக்கினால் வரி உடைகிறதா என்று சொல்கிற ஆள்.

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒருநாள் இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒருநாள் என்றால் கிழவியான பிறகு என்று அவள் எடுத்துக்கொண்டாள். திரையை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை இப்போதே பழகிக்கொள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். பழகினால் போகப்போவதை ஒத்துக்கொண்டதாகிவிடும். தள்ளிப்போட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. பழைய பக்கங்களை ஞாபகத்திலிருந்தே சோதித்தாள். நீலப் பட்டன், வெள்ளை எழுத்து, சரி. மத்தியானம் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இது புதுப் பக்கம். ஞாபகத்தில் எதுவும் இல்லை.

பார்வையே இல்லாமல் வேலை செய்ய மூன்று பேர் ஏற்கனவே இருக்கிறார்கள். காதை வைத்தே கரை கண்டவர்கள். நாலாவதாக, ஒன்றும் தெரியாத இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வேலை போனால் பண்ருட்டிக்குத் திரும்ப வேண்டும். தெருமுனைக்குக்கூடத் தனியே அனுப்பாத வீட்டுக்கு.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேங்க்கா. கே. ஏழு. எம். ரெண்டு. பி."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெசிந்தா தட்டினாள். ஜெசிந்தாவின் மென்பொருள் எதையோ வாசித்தது. ஜெசிந்தா வைத்திருக்கும் வேகத்தில் அது பேசினால் வேறு யாருக்கும் புரியாது. எண்ணெயில் கடுகு போட்டதுபோல் படபடவென்று பொரிந்து அடங்கும்.

"இல்லையாம்ட்டி. வேற படம் வந்துட்டு."

"கடைசில எட்டா இருக்கும்க்கா. பி மாதிரி தெரிஞ்சுது."

"சரி, இதப் பாரு."

பார்த்தாள். கண்ணை அகல விரித்து, இமைக்காமல், எரிச்சலில் நீர் வழியும்வரை பார்த்தாள்.

"ஆர். நாலு. டி. டி. ஒம்பது."

தட்டினாள் ஜெசிந்தா. பொரிந்தது. அடங்கியது.

இன்னொரு முறை பொரிந்து அடங்கியது.

"சரியாப் போச்சுட்டி," என்றாள் ஜெசிந்தா கடைசியில். "உள்ள போயிட்டேன்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு நொடி நிஜமாகவே நம்பினாள்.

பிறகு உடம்பு சில்லிட்டது.

அந்த எழுத்துகளை அவள் எங்கிருந்தும் படிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள். அது எப்படிச் சரியாகும்?

அழைப்பைத் துண்டிக்க விரல் போனது. அழுத்தவில்லை. ஜெசிந்தாவும் வைக்கவில்லை. பாளையங்கோட்டையில் குக்கர் ஒரு விசில் விட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

மென்பொருள் மறுபடி வாசித்தது. இந்த முறை வேகம் சற்றுக் குறைந்திருந்தது. மறுபடி தட்டல். இன்னும் குறைந்தது. மறுபடி. இப்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல.

எழுத்துகள். தவறு. மீண்டும். முயலவும்.

ஜெசிந்தா அதே வரியைத் திரும்ப ஓடவிட்டாள்.

எழுத்துகள். தவறு. மீண்டும்.

அவள் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா வைங்கக்கா," என்றாள்.