மைனாவின் விசில்

டாக்டரிடம் பல் கம்பியை இறுக்கிக்கொண்டு வந்த மதியம், மாத்திரை வேண்டாமென்று வாகைச்செல்வி ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு படுத்தாள். குளிர் ஏற ஏற வலி எங்கோ தூரமாகப் போனது. முன்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி மெல்ல நடந்து வருவதுபோல் இருந்தது. அவற்றின் நடுவே இருந்த இடைவெளியில்தான் அவள் விசிலடிப்பாள். அதைக் கேட்டு மாடிக்கு மைனாக்கள் வரும். அந்த இடைவெளியை அடைத்த பிறகுதான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஜன்னலில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தது. ஊதினாள். ஐஸ் கரைந்த நீர்தான் வழிந்தது. மைனா தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு அவளுடைய விசிலை அதுவே அடித்தது. அக்கா இன்னொரு ஐஸ்கட்டியோடு வந்து, "வாயத் தொறடி" என்றாள். வாகைச்செல்வி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாங்க்கா. வலிக்கட்டும்."