பசுவுக்கு முன்னால்

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேதவல்லி வாடகைக்கு எடுத்துவந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தானே உருட்டிக்கொண்டு புது வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் கால்களில் ஒரு குறையும் இல்லை. காலையில்தான் மொட்டைமாடி வரை ஏறி இறங்கியிருந்தாள்.

"பசுமாடு நுழையறதுக்கு முன்னாடி இதையா உள்ள விடுவ?" என்றார் கணவர் தண்டபாணி.

"மாடு அன்னிக்கு வந்துட்டுப் போயிடும். இது வந்தா இங்கேயேதான் இருக்கும்."

வாசலும் கூடமும் படுக்கையறையும் வழிவிட்டன. குளியலறைக் கதவு நிலையில் சக்கரங்கள் இரண்டு பக்கமும் உரசி நின்றன. அவள் எழுந்து, அங்கே வேலையாக இருந்த கொத்தனாரிடம் பென்சிலை வாங்கிச் சுவரில் ஒரு கோடு இழுத்தாள்.

"இது வரைக்கும் இடிச்சிடுங்க."

"யாருக்கும்மா இது?"

"இன்னும் தெரியல. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு."

பிறகு நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பினாள். "உக்காருங்க. என்னால தள்ள முடியுதான்னு பாக்கணும்."

 தண்டபாணி உட்கார்ந்து, புதுத் தரையில் கால்களை ஊன்றி, கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டார். அவள் பின்னால் போய்த் தள்ளினாள். நாற்காலி அசையவில்லை.

"காலைத் தூக்கி மேல வைங்க," என்றாள்.