அவள் கைக்கு எட்டும் உயரம்

சமையலறை அலமாரிகளை நெவில் தானே மாட்டிக்கொண்டிருந்தான். பெண்டிகோ நகரக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து பொருத்தியவை. மேல் அலமாரியைச் சுவரோடு தாங்கிப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு டிரெவருக்குக் கை கடுத்தது.

"சட்டுனு திருகுடா. தோள்பட்டை கழண்டுடும் போல."

"இரு, ரெண்டு விரல் கீழ இறக்கு. மவுரீன் டீ டப்பா வைக்கிற தட்டு இது."

"அவ வந்ததும் கேட்டுட்டு மாட்டலாமே?"

"முப்பது வருஷமா பாக்குறேன். அவ கை எதுவரைக்கும் எட்டும்னு எனக்குத் தெரியாதா?"

டிரெவர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியை இரண்டு விரல் கீழே இறக்கினான். மட்டம் பார்க்க வைத்த ரசமட்டத்தின் குமிழி சரியாக நடுவில் நின்றது. இரண்டு மாதம் கழித்து வீடு திரும்புகிற மனைவிக்கு இதுதான் வரவேற்பு.

வெள்ளிக்கிழமை டிரெவர்தான் அவளைக் காரில் அழைத்துவந்தான்.

"இப்ப கண்ணைத் திற," என்றான் நெவில்.

மவுரீன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அழகா இருக்கு நெவில். அந்த டீ டப்பாவை மட்டும் எடுத்துக் குடுக்கிறியா?"

"நீயே எடுத்துப் பாரேன். உனக்குன்னுதானே அளந்து..."

அவன் பார்வை கீழே இறங்கியது. மவுரீனின் சக்கர நாற்காலியின் பிடியிலிருந்து டிரெவர் இன்னும் கையை எடுக்கவில்லை.

வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை அதே நாற்காலியில் பார்த்தவன்தான் நெவில். அளவெடுத்தபோது மட்டும் அவன் மனதில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.